மூத்தவன் சொன்ன விலை

நெல்லித்தோப்பில் எந்த வீடு எவ்வளவுக்குப் போகும் என்று தெரிய வேண்டுமானால் தணிகாசலத்தைக் கேட்டால் போதும். கேட்க வேண்டியதுகூட இல்லை, அவனாகவே சொல்லிவிடுவான். ஓட்டுக் கடை வைத்திருந்தான். சீமை ஓடு, நாட்டு ஓடு, சுண்ணாம்பு, இடித்த வீட்டிலிருந்து கழற்றி வந்த கதவு, ஜன்னல், உத்திரம் எல்லாம் அவனிடம் கிடைக்கும். வீடு கட்டுகிறவன் ஓடு வாங்க வருவான். விற்கிறவனும் வருவான், ஒழுகுகிற இடத்தை மூடி ஏமாற்றுவதற்கு நாலு ஓடு வாங்க. இரண்டு பேரிடமும் வாயைக் கிளறி விலையைத் தெரிந்துகொள்வதில் தணிகாசலத்துக்கு அப்படி ஒரு ருசி. கல்யாண வீட்டுக்குப் போய் இலையில் உட்கார்ந்தாலும் பெண் எப்படி, மாப்பிள்ளை எப்படி என்று கேட்கமாட்டான். அண்ணாந்து கூரையைப் பார்த்து, "இந்த வீடு ஐயாயிரம் தாங்கும்" என்பான். பக்கத்து இலைக்காரன் சோறு பிசைவதை நிறுத்திவிட்டு அவனை ஒரு மாதிரி பார்ப்பான்.

ஐம்பத்து நாலாம் வருஷம் ஐப்பசியில் பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கிய பிறகு அவனுக்குப் பேச விஷயம் அதிகமாகிவிட்டது. கடற்கரைப் பக்கத்துத் தெருக்களில் வரிசையாக வீடுகள் விலைக்கு வந்தன. துரைமார் போனார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தாக்கள் சில பேரும் பெண்டு பிள்ளைகளோடு பிரான்சுக்குக் கிளம்பினார்கள். கப்பலுக்கு நாள் குறித்துவிட்டவன் எங்கே உட்கார்ந்து பேரம் பேசப் போகிறான்? கட்டில், பீரோ, நிலைக்கண்ணாடி எல்லாவற்றோடும் சேர்த்து, கேட்ட விலைக்கு மாடி வீட்டைத் தள்ளிவிட்டுப் போனான். ஒரு காலத்தில் வாசலில்கூட நிற்க விடாத வீடுகள். அவற்றின் விலையைத் தணிகாசலம் கடையில் உட்கார்ந்துகொண்டு கத்திரிக்காய் விலை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தான்.

அவனுக்குச் சேதி கொண்டுவருகிறவன் வீட்டுத் தரகன் கொளஞ்சி. கக்கத்தில் குடையும் வாயில் வெற்றிலையுமாக நொத்தேர் ஆபீசுக்கும் சாராயக் கடைக்கும் நடுவில் நாள் முழுக்க நடந்துகொண்டிருப்பான். பத்திரம் எழுதுகிற நொத்தேரைவிட யார் வீடு யார் கைக்குப் போகிறது என்பது அவனுக்கு முன்னாலேயே தெரியும்.

இப்படி ஊர் வீட்டுக்கெல்லாம் விலை சொன்னவன் தன் வீட்டுக்கு விலை சொல்ல வேண்டிய நாளும் வந்தது.

அது அவன் அப்பா சுப்பராயன் கட்டிய வீடு. பாகூர்ப் பக்கம் உழுதுகொண்டிருந்தவர் டவுனுக்கு வந்து, ஓடு ஏற்றுகிற வண்டி ஓட்டி, பிறகு சொந்தமாகக் கடை போட்டு, நெல்லித்தோப்பில் கட்டினார். முன்கட்டு, நடுவில் வானம் தெரிகிற முற்றம், பின்கட்டு, கிணறு, முருங்கை மரம் நிற்கிற அளவுக்குக் கொல்லை. முன்கட்டில் தணிகாசலமும் அவன் மனைவி பார்வதியும் இருந்தார்கள். பின்கட்டில் தம்பி வடிவேலும் அவன் மனைவி சொர்ணமும் மூன்று பிள்ளைகளும். வடிவேல் மில்லில் தறி ஓட்டுகிறவன். சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. பிள்ளைகள் வளர்ந்தன, இடம் போதவில்லை, அவ்வளவுதான். "எம் பங்கக் காசாக் கொடுத்தீங்கன்னா வில்லியனூர்ப் பக்கம் கொஞ்சம் நெலம் வாங்கிப் போட்டு அங்கயே ஒரு கூரயப் போட்டுக்குவேன். அங்கருந்து மில்லுக்கு சைக்கிள்ல வந்துடலாம்" என்று வடிவேல் நாலைந்து தடவை சொல்லியிருந்தான். வில்லியனூர் சொர்ணத்தின் ஊர்.

தணிகாசலத்துக்குப் பிள்ளை இல்லை. இருந்தது, ஒரு பெண். சாந்தி என்று பெயர். ஏழு வயதில் விஷக் காய்ச்சல் வந்து, முன்கட்டு நடு அறையில் ஜன்னலோரம் பாயில் கிடந்து, அங்கேயே போய்விட்டாள். அதற்குப் பிறகு பார்வதி அந்த இடத்தைத் துடைப்பத்தால் பெருக்க மாட்டாள். அறை முழுக்கப் பெருக்கிக்கொண்டு வந்து, ஜன்னலோரம் வந்ததும் துடைப்பத்தை வைத்துவிட்டு, அந்த ஒரு பாய் அகலத்தை மட்டும் ஈரத்துணியால் கையால் துடைப்பாள். தினமும். தணிகாசலத்துக்கு அதைப் பார்க்கத் தாங்காது, கடைக்குக் கிளம்பிவிடுவான்.

இவர்கள் குடும்பத்தில் பங்கு பிரிக்கும்போது வீட்டை இரண்டாகப் பிளந்து நடுவில் சுவர் வைக்க மாட்டார்கள். மூத்தவன் விலை சொல்ல வேண்டும், இளையவன் எடுக்க வேண்டும். இரண்டு தாம்பாளம் வைப்பார்கள். ஒன்றில் வெற்றிலை மேல் வீட்டுச் சாவி, இன்னொன்றில் வெற்றிலை மேல் ஒரு ரூபாய்க் காசு. தம்பி சாவியைத் தொட்டால் வீடு அவனுக்கு. சொன்ன விலையில் பாதியை அண்ணனுக்குக் கொடுத்துவிட வேண்டும். காசைத் தொட்டால் வீடு அண்ணனுக்கு, பாதி விலை தம்பிக்கு. தொட்டது தொட்டதுதான், மாற்றுப் பேச்சு கிடையாது. மூத்தவன் நியாயத்தை விட்டு விலகாமல் இருக்கட்டும் என்றுதான் யாரோ யோசித்து இப்படி வைத்திருக்க வேண்டும். விலையை ஏற்றிச் சொன்னால் பாதியை அவனே அழ வேண்டியிருக்கும். இறக்கிச் சொன்னால் வீடு கையை விட்டுப் போய்விடும்.

தணிகாசலம் முதலில் கொளஞ்சியைத்தான் கேட்டான். கடையில் ஒரு உத்திரத்தின் மேல் உட்கார்ந்து கொளஞ்சி வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தான்.

"ஒங்க வூடு ஏழாயிரம் போவும். கண்ண மூடிக்கினு சொல்லலாம்."

"யோவ், கடற்கரைப் பக்கமே பாதிக்குப் பாதி எறங்கிக் கெடக்குது. நீதானய்யா சொன்ன?"

"அது ஊர உட்டுப் போறவன் வூடு. விக்கிறவன் நூறு பேரு, வாங்குறவன் பத்துப் பேரு. நெல்லித்தோப்புல எவன் கப்பல் ஏறப் போறான்? இங்க எல்லாம் மில்லுக்காரன், கடைக்காரன். இருக்கிற எடத்துக்கே அடிச்சிக்கிறான். அங்க எறங்குச்சுன்னு இங்க எறங்காது."

இது தணிகாசலத்துக்குத் தெரியாததா? அவனே பத்துப் பேருக்குச் சொல்லியிருப்பான். ஆனால் அன்றைக்கு அவன் காதில் அது விழவில்லை. கடற்கரைப் பக்கம் இறங்கிக் கிடக்கிறது என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனான்.

பார்வதி சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்றைக்குப் பேசினாள்.

"வெலை எவ்வளோ சொல்லப் போறீங்க?"

"பாக்கலாம்."

"பாக்கலாம்னா? கொளஞ்சி என்னா சொன்னான்?"

"ஏழுன்றான்."

"அப்ப ஏழுன்னே சொல்லுங்க. மூணரைய நாம கொடுத்துடலாம். என் நகை இருக்கு. அத்தனையும் வித்துடுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எனக்கு இந்த வீடு வேணும். நீங்க எத வேணும்னாலும் செய்ங்க, நான் எதுவும் கேட்டதில்ல. இத மட்டும் கேக்கறேன்."

"வீடு எங்கயும் போவாது. நான் சொல்றேன்ல? அவன் வில்லியனூருக்குக் கால தூக்கிக்கினு நிக்கிறான். நாலாயிரம்னு சொன்னா ரெண்டாயிரத்த வாங்கிக்கினு போயிடுவான். எதுக்கு மூணரை கொட்டிக் கொடுக்கணும்? ஊர்ல வெலை எறங்கியிருக்குது. பொய்யா சொல்றேன்?"

"கூடப் பொறந்தவன்கிட்ட எதுக்கு இந்தக் கணக்கு?" என்றாள் பார்வதி. "மூணு புள்ளைங்கள வெச்சிருக்கு அது."

"ஒனக்குத் தெரியாது. சும்மா இரு."

சும்மா இருந்தாள். அவனுக்குக் கெட்ட எண்ணம் என்று சொல்லிவிட முடியாது. தம்பியின் பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்காமல் வீட்டுக்கு வராதவன்தான். ஆனால் விலை என்று வந்துவிட்டால் அவனுக்குள்ளே வேறொரு ஆள் எழுந்து உட்கார்ந்துகொள்வான். குறைத்து வாங்கினோம் என்ற சந்தோஷம் இல்லாமல் அந்த ஆளுக்குத் தூக்கம் வராது. வாங்கப் போவது தன் தகப்பன் வீடு, கொடுக்கப் போகிறவன் தன் தம்பி என்பதெல்லாம் அந்த ஆளுக்கு ஒரு பொருட்டா?

அந்தத் தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் முற்றத்தில் பாய் விரித்தார்கள். தாய்மாமன் கோவிந்தராசு பாகூரிலிருந்து வந்து நடுவில் உட்கார்ந்தார். உறவுக்காரர்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். தாம்பாளம் இரண்டும் தயாராக இருந்தன. பார்வதி நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். சொர்ணம் கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் நின்றாள்.

"சொல்லுடா தணிகாசலம்" என்றார் மாமன்.

தணிகாசலம் தொண்டையைச் சரிசெய்துகொண்டான். வெள்ளைக்காரன் போனது, கடற்கரைப் பக்கம் மாடி வீடே கேட்பாரில்லாமல் கிடப்பது, துறைமுகத்தில் சரக்கு இறங்காமல் கடைக்காரர்கள் கையைப் பிசைவது எல்லாவற்றையும் சொன்னான். நன்றாகத்தான் பேசினான். ஒவ்வொன்றும் உண்மைதான், அதுதான் அதில் இருந்த மோசம்.

"அதனால, இன்னிக்குத் தேதியில இந்த வூடு நாலாயிரம்" என்று முடித்தான்.

வடிவேல் நிமிர்ந்து பார்த்தான். "நாலாயிரமா அண்ணா?"

"ஆமா."

"நாலுதானா?"

"அதான் சொல்றேன்ல."

வடிவேல் எழுந்து சொர்ணத்திடம் போனான். இரண்டு பேரும் கிணற்றடியில் நின்று ஏதோ பேசினார்கள். சொர்ணம் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள், கையைத் தொட்டுக் காட்டினாள். தணிகாசலத்துக்கு அப்போதுதான் கணக்கு உறைத்தது. ஏழாயிரத்தில் பாதி மூன்றரை ஆயிரம். மில்லில் தறி ஓட்டுகிறவன் ஏழு ஜென்மம் எடுத்தாலும் புரட்ட முடியாது. ஆனால் இரண்டாயிரம்? சொர்ணத்தின் நகையும், மில்லில் பிடித்து வைத்திருக்கும் பணமும், மச்சினன் கொடுக்கிற கைமாற்றும் சேர்ந்தால் வந்துவிடும். தம்பியால் எடுக்க முடியாத வீட்டை அவன் கைக்கு எட்டுகிற மாதிரி இறக்கி வைத்தது வேறு யாருமில்லை. ஊர் முழுக்க விலை தெரிந்தவன் இந்த ஒரு கணக்கைப் போட மறந்துவிட்டான்.

வடிவேல் திரும்பி வந்தபோது அவன் கண் கலங்கியிருந்தது. காசு இருந்த தாம்பாளத்தைத் தாண்டிப் போய்ச் சாவியைத் தொட்டான். தொட்ட கையோடு அண்ணன் காலில் விழுந்துவிட்டான்.

"எனக்குத் தெரியும்ணா" என்றான் விழுந்த இடத்திலிருந்தே. "ஏழுக்கு ஒரு ரூபா கொறையாது இந்த வூடு. மில்லுல எல்லாரும் சொல்றாங்க. நான் வில்லியனூர் போறேன்னு சொன்னதெல்லாம் சும்மா. கையில காசு இல்லாதவன் வேற என்னா சொல்லுவான்? அப்பா கட்டுன வூட்ட உட்டுட்டுப் போவ எனக்கு மனசே இல்ல. வாயத் தொறந்து ஒங்ககிட்டக் கேக்கவும் முடியல. நீங்களாத் தெரிஞ்சிக்கினு எனக்காக எறக்கிச் சொன்னீங்க."

கோவிந்தராசு மாமன் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"என் தங்கச்சி வயித்துல பொறந்தவன் வேற எப்படி இருப்பான்" என்றார். "வழக்கம்னு வெச்சது மூத்தவன் ஏமாத்தாம இருக்கட்டும்னு. இவன் அதுலயே தம்பிக்கு வூட்ட கொடுத்துட்டான் பாரு. நான் எத்தன பாகம் பிரிச்சிருப்பேன், இப்படி ஒரு அண்ணன நான் பாத்ததில்ல."

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் தணிகாசலத்தைப் பார்த்தார்கள். அவனை அப்படி யாரும் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. விலை தெரிந்தவன் என்று மதிப்பார்கள், நல்லவன் என்று யாரும் சொன்னதில்லை. சொல்லிவிடலாம். 'இல்லடா, நான் அப்படி நெனைக்கல' என்று ஒரு வார்த்தை சொன்னால் தம்பி சாவியைக் கீழே வைத்துவிடுவான், அவன் அப்பேர்ப்பட்டவன். ஆனால் அதைச் சொன்னால் பிறகு என்ன இருக்கிறது? தம்பியை ஏமாற்ற வந்தவன் என்று மாமன் முன்னால், உறவுக்காரர்கள் முன்னால் அவனே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும்.

வடிவேல் எழுந்து அண்ணியிடம் போனான். "அண்ணி, ஒங்களுக்குச் சம்மதந்தானே? மனசுல எதுனா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. தொட்டது தொட்டதுன்றதெல்லாம் வெளியாளுக்கு. ஒங்களுக்கு இல்லன்னா நான் சாவிய வெச்சுடறேன்."

பார்வதி தன் புருஷனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று அந்தப் பார்வை கெஞ்சியது. தணிகாசலம் தாம்பாளத்தில் இருந்த காசைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நிமிரவில்லை. அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தம்பியிடம் திரும்பினாள்.

"சம்மதந்தான் தம்பி. ஒங்க அண்ணன் கொடுத்தா நான் கொடுத்த மாதிரி" என்றாள்.

சொல்லிவிட்டு உள்ளே போனாள். பாயசம் காய்ச்சியிருந்தார்கள், எல்லோருக்கும் அவள்தான் ஊற்றினாள்.

"இங்கயே இருங்கண்ணா, முன்கட்டு எப்பவும்போல ஒங்களுக்குத்தான்" என்று வடிவேல் மன்றாடினான். தணிகாசலத்துக்கு ஏற்கெனவே ஒரு வேஷம் கட்டியாகிவிட்டது, அதற்குத் தகுந்த மாதிரி ஆட வேண்டியதாயிற்று. "எனக்கென்னாடா, கடற்கரைப் பக்கம் மாடி வூடே சல்லிசா வருது. நானும் ஒங்க அண்ணியும் ராஜா மாதிரி இருப்போம்" என்றான். மாசி பிறந்ததும் வண்டியில் சாமான் ஏறியது. பார்வதி கடைசியாக நடு அறைக்குப் போய் ஜன்னலோரம் கையால் துடைத்துவிட்டு வந்தாள். வண்டிக்குப் பின்னால் நடக்கும்போது ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு அழுகை வந்திருந்தால்கூடத் தணிகாசலத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வாடகை வீடுதான் பார்த்தார்கள். கொஞ்ச நாளைக்கு என்று சொல்லிக்கொண்டார்கள். தம்பி கொடுத்த இரண்டாயிரமும் பார்வதியின் நகையும் கையில் இருந்தன. கொளஞ்சி வீடு காட்டிக்கொண்டுதான் இருந்தான். நெல்லித்தோப்பிலேயே இரண்டு தெரு தள்ளி, கிணறும் கொல்லையுமாக ஒரு ஓட்டு வீடு ஆறரைக்கு வந்தது. கடையில் கொஞ்சம் புரட்டினால் வாங்கியிருக்கலாம். தணிகாசலம் மாட்டேன் என்றான். நாலாயிரம் என்று சபையில் சொன்ன வாயால் அதே மாதிரி வீட்டுக்கு ஆறரை கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. ஆறரை என்று எண்ணிக் கொடுக்கும்போது பார்வதி பக்கத்தில் இருப்பாளே, அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

"இன்னும் எறங்கும்" என்றான் கொளஞ்சியிடம்.

"எறங்காதுங்க. ஏறும்."

"நீ தரகன். ஒனக்கு அப்படித்தான் சொல்ல வரும்."

கடற்கரைப் பக்கத்து மாடி வீடுகளுக்கும் போய்ப் பார்த்தான். அவற்றின் கதவு ஜன்னலைப் பழுது பார்க்கவே அவன் சொத்தை எழுதி வைக்க வேண்டும்போல் இருந்தது. இப்படியே இரண்டு வருஷம், மூன்று வருஷம் ஓடியது. புதுச் சர்க்கார் ஆபீசுகளுக்கு வெளியூரிலிருந்து உத்தியோகஸ்தர்கள் வந்து இறங்கினார்கள். மில்லுக்கு ஆள் வந்தது. எல்லோருக்கும் படுக்க ஒரு கூரை வேண்டும். வாடகை ஏறியது, பின்னாலேயே விலையும் ஏறியது. இறங்கும் என்று காத்திருந்தவன் கண் முன்னால் அந்த ஆறரை எட்டானது, எட்டு பத்தானது. அதற்குப் பிறகு அவன் கொளஞ்சியிடம் விலை கேட்பதையே விட்டுவிட்டான். கல்யாண வீடுகளில் கூரையை அண்ணாந்து பார்க்காமல் தலையைக் குனிந்து சாப்பிட்டான்.

பார்வதி ஒரு நாளும் குத்திக்காட்டவில்லை. வாடகை ஏறும்போதெல்லாம் வீடு மாறினார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டினாள், அவிழ்த்தாள். வடிவேல் ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்து கூப்பிட்டான். தணிகாசலம் மட்டும் போய்வந்தான். "அண்ணி ஏன் வர மாட்டேங்கறாங்க?" என்று தம்பி கேட்பான். "அவளுக்கு ஒடம்பு முடியல" என்பான். ஒரு தடவை அவனே அவளைக் கேட்டான்.

"ஒரு எட்டு வந்து பாத்துட்டு வாயேன். சாந்தி இருந்த எடத்தப் பாத்த மாதிரி இருக்கும்."

"பாத்தா அங்கயே உக்காந்துடுவேன்" என்றாள் அவள். "அப்பறம் எல்லாருக்கும் தெரிஞ்சுபோவும். ஒங்களுக்குத்தான் கஷ்டம்."

அவ்வளவுதான் சொன்னாள். அதைவிட அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அறுபத்தொன்றாம் வருஷக் கடைசியில் அவளுக்கு உண்மையிலேயே உடம்பு முடியாமல் போய்விட்டது. வயிற்றில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்பது யாருக்குத்தான் தெரியாது?

அப்போது இருந்த வீட்டின் சொந்தக்காரர் தெய்வசிகாமணி. நல்ல மனிதர்தான். ஒரு நாள் காலையில் வாசலில் நின்று, சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் குடையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அந்த அம்மாவுக்கு எதுனா ஒண்ணு ஆயிடுச்சுன்னா, சாவு விழுந்த வூட்டுக்குக் குடித்தனம் வர மாட்டாங்க. வந்தாலும் பாதி வாடகைதான் கொடுப்பாங்க. எனக்கு இந்த வாடகைய உட்டா வேற வருமானம் இல்ல. ஒங்களுக்குத் தெரியாததா, நீங்க வூட்டு வெலயெல்லாம் தெரிஞ்சவரு."

தெரிந்தவன்தான். சாவு விழுந்த வீட்டுக்கு எவ்வளவு குறையும் என்று அவனே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறான். தலையை ஆட்டினான். அவர் போன பிறகு கதவை ஒட்டி உட்கார்ந்து, வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதான். பெண்டாட்டி சாகிறதற்கு ஒரு இடம் இல்லாதவனாகிவிட்டோமே என்று அழுதான்.

சேதி கேட்டு வடிவேல் மில்லிலிருந்து நேராக ஓடிவந்தான். "நம்ம வூடு இருக்கும்போது யாரு என்னா சொல்றது?" என்று வண்டி பிடித்தான். வண்டியில் வைக்கோல் போட்டு, மேலே மெத்தையைப் போட்டு, அண்ணியைத் தூக்கிப் படுக்க வைத்தான். பார்வதி வேண்டாம் என்று கையை அசைத்தாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான், அதை யாரும் கேட்கவில்லை.

சொர்ணம் நடு அறையைக் கழுவிவிட்டுப் பாய் விரித்திருந்தாள். ஜன்னலோரத்தில்தான் விரித்திருந்தாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. பார்வதி படுத்தபடியே சுவரைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். பாயிலிருந்து கையை இறக்கித் தரையில் வைத்துக்கொண்டாள். "வெள்ள அடிச்சிருக்கியா? நல்லா இருக்கு" என்று சொர்ணத்திடம் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் பேச்சு தெளிவாக இல்லை. தணிகாசலம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அவளிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று வந்த நாளிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தான். வாயைத் திறக்கும்போதெல்லாம் யாராவது உள்ளே வந்தார்கள். மூன்றாம் நாள் மதியம் எல்லோரும் சாப்பிடும் நேரத்தில் அவள் போய்விட்டாள்.

"கொடுத்து வெச்சவ. சொந்த வூட்டுல, அதுவும் பூவும் பொட்டுமாப் போய்ச் சேந்தா" என்று வந்த பெண்கள் சொன்னார்கள். அதைக் கேட்டுக்கொண்டு தணிகாசலம் முற்றத்தில் உட்கார்ந்திருந்தான். கொளஞ்சியும் துக்கத்துக்கு வந்திருந்தான். அவன் மட்டும் ஒன்றும் சொல்லாமல் தணிகாசலத்தின் கையைப் பிடித்துவிட்டுப் போனான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவுக்காரர்கள் வெயில் தாழ்வதற்குள் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார்கள். அண்ணனும் தம்பியும் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார்கள். வடிவேலுக்கும் தலை நரைக்க ஆரம்பித்திருந்தது.

"ஒண்ணு நெனைச்சுப் பாத்தேண்ணா" என்றான். "அன்னைக்கு நீங்க நாலாயிரம்னு சொல்லலைன்னா இந்த வூடு என் கைக்கு வந்திருக்காது. நான் காச வாங்கிக்கினு போயிருப்பேன். நீங்க எனக்கு எறக்கிக் கொடுத்ததாலதான் அண்ணி வந்து படுக்க எடம் இருந்துச்சு. எல்லாம் நீங்க செஞ்ச புண்ணியம்."

தம்பி காசை வாங்கிக்கொண்டு போயிருந்தால் பார்வதி இந்த வீட்டை விட்டு எழுந்தே போயிருக்க வேண்டாம் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. ஒன்றை நம்பிவிட்டவனுக்கு அதெல்லாம் தோன்றாது. தணிகாசலத்தால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"புண்ணியம் இல்லடா. நான் ஒனக்காகக் கொறைக்கல. நீ காசத்தான் எடுப்பேன்னு நெனைச்சேன். ரெண்டாயிரத்தக் கொடுத்து ஒன்ன அனுப்பிடலாம்னு கொறைச்சேன். ஒன்ன ஏமாத்தத்தான் கொறைச்சேன். ஒங்க அண்ணி வேணாம்னு சொன்னா, ஏழுன்னே சொல்லுங்க, நகைய வித்துக் கொடுத்துடலாம்னு சொன்னா. நான் கேக்கல. சபையில நீ அவளக் கேட்டப்பகூட நான் வாயத் தொறக்கல."

வடிவேல் உள்ளே சொர்ணம் பாத்திரம் எடுத்து வைக்கிற பக்கம் பார்த்தான்.

"சொர்ணம் சொன்னா" என்றான். "நான் சாவியத் தொட்டப்ப அண்ணி மொகத்துல ரத்தமே இல்லன்னு அன்னிக்கு ராவு சொன்னா. நான்தான் அவள அதட்டி வாய மூட வெச்சேன்."

"அப்ப ஒனக்கு..."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணா. தெரியவும் வேணாம். நீங்க சொல்றத நான் நம்புனா, அண்ணிய இந்த வூட்ட உட்டு அனுப்புனவன் நான்னு ஆவும். ஆறு வருஷம் பொங்கலுக்குப் பொங்கல் போய் 'ஏன் வர மாட்டேங்கறீங்க'ன்னு அவங்களயே கேட்டிருக்கேன். அத வெச்சிக்கினு நான் இந்த வூட்டுல எப்படிப் படுப்பேன்? எம் புள்ளைங்கள எப்படிப் படுக்க வெப்பேன்? நீங்க கொடுத்தீங்க, நான் வாங்கிக்கினேன். அது அப்படியே இருக்கட்டும். ஒங்க காலப் புடிச்சிக் கேக்கறேன், இன்னொரு வாட்டி அத சொல்லாதீங்க."

தணிகாசலம் சரி என்று தலையை ஆட்டினான். ஏழு வருஷமாக அவன் சுமந்ததை இறக்கி வைக்க ஊரில் இருந்த ஒரே இடமும் இல்லை என்றாகிவிட்டது.

சொர்ணம் இலை போட்டுவிட்டுக் கூப்பிட்டாள். தம்பி எழுந்து கையைக் கொடுத்தான். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். உள்ளே போனதும், வீட்டைக் கொடுத்தவனுக்குச் செய்கிற மரியாதையோடு, முதல் இலையில் அவனை உட்கார வைத்தார்கள். அவன் சாப்பிட்டான்.